எட்டாவது தீர்மானம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பக்கத்தின் எழுத்து முடிந்து கீழே இடம் மிஞ்சினால், அந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு போடுவோம். அது ஒரு பத்திர எழுத்தரின் அலுவலகம். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் அங்கே என் கையால்தான் தட்டச்சாகின்றன. கையெழுத்துப் போட்டவர் எழுந்து போன பிறகு, மிஞ்சிய இடத்தில் யாரும் ஒரு வரி சேர்த்துவிடக் கூடாது, அதற்குத்தான் கோடு. இருபத்தாறு வருடமாகப் போட்டுப் போட்டு, என் நாட்குறிப்பிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்று நடந்ததை எழுதுவேன். பக்கம் நிறையாவிட்டால் மிச்சத்தில் கோடு. "உன் டைரியில எவன் வந்து எழுதப்போறான்?" என்று என் கணவர் கேட்காத வருடம் இல்லை.

அப்படிப்பட்ட நான், ஒரு குடியரசு தினத்தன்று வெற்றுத் தாளை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் ஒரு டீக்காக.

நாங்கள் இருப்பது திருவண்ணாமலையை ஒட்டிய ஓர் ஊராட்சியில். பாதி பழைய ஊர். மீதிப் பாதி, எங்களைப் போல மனை வாங்கி வீடு கட்டி வந்தவர்களின் நகர். குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களில் பள்ளி மைதானத்தில் கிராம சபை கூடும். ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து, ஊராட்சி செய்ய வேண்டியதைப் பேசி முடிவெடுக்கலாம். சட்டப்படி அது பெரிய சபை. எங்கள் ஊரில் அது நடக்கும் விதம் இப்படி: பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு மேசை. மேசை மேல் தீர்மான நோட்டு. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டால், ஊராட்சி கிளார்க் ஒரு சின்னச் சீட்டுக் கொடுப்பார். சீட்டைக் காட்டினால் டீயும் மிக்ஸர் பொட்டலமும் கிடைக்கும். கூட்டத்தில் பேசுவதை யாரும் அங்கேயே எழுதுவதில்லை. கையெழுத்துகளுக்கு முன்னால் கிளார்க் நாலைந்து பக்கத்தைக் காலியாக விட்டிருப்பார். இரண்டு மூன்று நாள் கழித்து அலுவலகத்தில் சாவகாசமாக உட்கார்ந்து அந்தப் பக்கங்களில் தீர்மானங்களை எழுதுவார்.

இது எல்லாருக்கும் தெரியும். தவறு என்று யாருக்கும் தோன்றியதில்லை. காலையில் கிரயப் பத்திரத்தில் இரண்டு அங்குல இடத்துக்குக் கோடு போடும் எனக்கும் தோன்றவில்லை.

அன்றைய என் குறிப்பு இது: "கிராம சபை. 11.20க்குத் தொடக்கம், 12.05க்கு முடிவு. பேசியவை ஏழு. மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு, நாய்கள், மூன்றாவது தெருக் கால்வாய், நூறு நாள் வேலை, ரேஷன் கடைக் கூரை, பள்ளிக் கழிப்பறை. டீயில் சர்க்கரை ஜாஸ்தி." அதற்குக் கீழே கோடு.

எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து வென்றவர். எந்தக் கட்சி என்று கேட்டால், எது ஆள்கிறதோ அது. முதல் முறை நன்றாகவே செய்தார். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வாய்க்காலை வெட்டவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை வென்றதும் விதிகள் வர ஆரம்பித்தன. முன்பெல்லாம் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். கேள்வியை மூன்று நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. பிறகு, மைக் தலைவர் கையை விட்டுப் போகாது என்று ஒரு விதி. பிறகு, நகர்க்காரர்கள் பழைய ஊர் விஷயம் பேசக் கூடாது என்று ஒரு விதி. "புது ரூல் வந்துருக்குதும்மா" என்பார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விரலை மேலே காட்டுவார். மேலே பந்தல் துணிதான் இருக்கும்.

ஒவ்வொரு விதியும் வந்த நாளை எழுதிவைத்திருக்கிறேன். எழுதினேனே தவிர, எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் எழுத வேண்டும்.

அடுத்த தேர்தலில் எங்கள் தலைவர் பதவி சுழற்சி முறைப்படி பெண்களுக்கு வரவேண்டியிருந்தது. மற்ற ஊர்களில் இப்படி வந்தால் மனைவியை நிறுத்திவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். எங்கள் தலைவரின் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கி. "ரிட்டயர் ஆகற நேரத்துல வேலைய விட்டுட்டு உங்களுக்கு ரப்பர் ஸ்டாம்பா இருக்கணுமா?" என்று அவர் கேட்டது அவர்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. மகன் வெளிநாட்டில். மருமகளும் அங்கேயே. ஆக, அவருக்கு வழி அடைபட்டுவிட்டது.

அந்தப் பதவிக்கு நிற்பதாக முடிவு செய்திருந்தவள் எங்களுக்குப் பால் ஊற்றும் பெண். என்னைவிட ஒன்பது வயது சின்னவள், அக்கா என்று உரிமையாகக் கூப்பிடுகிறவள்; அதனால் அவள் என்றே எழுதுகிறேன். நாலு மாடு. பிளஸ் டூ வரை படிப்பு. விடிவதற்கு முன்பே கேனோடு கிளம்பி இரண்டு ஊரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்தக் கால்வாய் எத்தனை நாளாக அடைத்திருக்கிறது, எந்த வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர் இன்று கதவைத் திறக்கத் தாமதித்தார் என்று ஊராட்சியில் வேறு யாரிடமும் இல்லாத விவரம் அவளிடம் இருக்கும். சபையில் எழுந்து சொல்லுவாள்.

"நாலாவது தெரு ரெண்டாவது கம்பம், பதினோரு நாளா எரியல தலைவரே."

"நீ இன்னா ஈபிக்காரியா?"

"இல்ல தலைவரே, நாய் கடிச்சவ."

சபை சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். ஆனால் இரண்டு நாளில் விளக்கு எரியும்.

"பொம்பள சீட்டு வருதாமேக்கா. நான் நிக்கப்போறேன்" என்று அவள் என் வீட்டு வாசலில் சொன்ன காலை என் நாட்குறிப்பில் இருக்கிறது. "என் வீட்டுல மூணு ஓட்டும் உனக்குத்தான்" என்று நான் சொன்னதும் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் பால் ஊற்றும் ஒவ்வொரு வாசலிலும் அரை நிமிடம் கூடுதலாக நின்றாள். எந்த வீடு சரி என்றது, எந்த வீடு பார்க்கலாம் என்றது என்பதெல்லாம் மனப்பாடம். நாலு மாதத்தில் ஒரு தெரு பாக்கியில்லை.

பிறகு அந்த நோட்டீஸ் வந்தது. ஒட்டிய நாள் வைகாசிப் பௌர்ணமி. பௌர்ணமி அன்று எங்கள் பகுதியில் சுவரைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. பாதிப் பேர் கிரிவலப் பாதையில் கடை போட்டிருப்பார்கள், மீதிப் பேர் வெளியூர்ப் பேருந்துகளுக்கு நடுவில் தங்கள் வீட்டுக்குப் போக வழி தேடிக்கொண்டிருப்பார்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் அன்று ஒட்டிய தாளை நாலு நாள் கழித்துத்தான் ஒருவர் படித்தார். ஆட்சேபணை சொல்லக் கொடுத்திருந்த அவகாசம் பதினைந்து நாள்.

மறுநாள் காலை 5.40க்கு அவள் வந்தாள். பால் பாத்திரத்தை நீட்டினேன். வழக்கமான பேச்சு இல்லை.

"ஊராட்சிய ரெண்டா பிரிக்கப் போறாங்களாம்."

"யார் சொன்னது?"

"நாமதான் சொன்னோமாம். கிராம சபையில எல்லாரும் ஒருமனதா கேட்டுக்கினோமாம்." அளந்து ஊற்றினாள். "நீயும் கையெழுத்து போட்டிருக்கியாமேக்கா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேனை மூடிவிட்டாள். அளவு பால் ஊற்றிய பிறகு கொசுறாக ஒரு சுழி ஊற்றுவது அவள் வழக்கம். பதினோரு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அன்று ஊற்றவில்லை.

பிரிப்பதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு அன்று பகலில்தான் விளங்கியது. பழைய ஊர் தனி ஊராட்சி. எங்கள் நகரும் அவள் தெருவும் சேர்ந்து இன்னொன்று. பிரித்தால் இரண்டும் புது ஊராட்சி. சுழற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கும், தன் பக்கத்துத் தலைவர் பதவி ஆண்களும் நிற்கக்கூடிய பொதுப் பிரிவில் வரும் என்பது தலைவரின் கணக்கு. பிரிக்கும் வேலை முடியும்வரை தேர்தலும் தள்ளிப்போகும். அவளுக்காக மனதில் முடிவு செய்திருந்த வாசல்களில் பாதி அவளுடைய ஊராட்சியிலேயே இருக்காது. ஒரே ஒரு தீர்மானம். அவளைத் தோற்கடிக்கத் தேர்தலே தேவையில்லை.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஊராட்சி அலுவலகம் போனேன். கிளார்க் தயங்கித் தயங்கி நோட்டை எடுத்துக் காட்டினார். ஏழாவது தீர்மானம் வரை எழுத்து வரி பிசகாமல் வந்திருந்தது. எட்டாவது மட்டும் பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் கையெழுத்துகள் தொடங்கின. முப்பத்தோராவது என்னுடையது. தேதி போட்டு, அடியில் இரண்டு புள்ளி வைத்து, அழகாக.

தலைவர் உள்ளேயிருந்து வந்தார்.

"இன்னாம்மா, பத்திர ஆபீசு லீவா இன்னிக்கு?"

"இந்த எட்டாவது தீர்மானம் கூட்டத்துல பேசவே இல்லீங்க."

"பேசலன்னு யாரு சொன்னா?"

"அன்னைக்கே எழுதி வெச்சிருக்கேன். பேசினது ஏழுதான்."

"எதுல எழுதி வெச்சிருக்கீங்க?"

"என் டைரியில."

அவர் கிளார்க்கைப் பார்த்தார். "டைரியாம்பா! ஊர்ல ஆளுக்கொரு டைரி வெச்சிக்கினு தீர்மானம் போட்டா அப்புறம் நான் எதுக்கு?" நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இது உன் கையெழுத்துதானே?"

'நீங்க' என்று தொடங்கியவர் 'நீ'க்கு வந்துவிட்டார். மனதில் குறித்துக்கொண்டேன்.

"என்னோடதுதான்."

"அன்னிக்கு டீ குடிச்சியா, இல்லியா?"

"குடிச்சேன்."

"அப்ப முடிஞ்சுது. எல்லாம் ரூல்படிதான் நடக்குது. மக்களே கேட்டா நான் இன்னா பண்றது?"

வெளியே வந்து பேருந்துக்காக நின்றபோது எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்தது அதிகம். ஆனால் அதோடு ஒன்று புரிந்தது. செய்தித்தாளில் தினமும் படிக்கிற விஷயத்துக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். தலைநகரங்களில் இருக்கிறவர்களும் இப்போது விதியை மீறுவதில்லை. மீறினால் வழக்கு வரும். அவர்கள் விதியை மாற்றிவிடுகிறார்கள். மாற்றினால் அரசிதழ் வரும். பதவிக்கு வரும்வரை விதி புனிதமானது, வந்த பிறகு அதில் பழுது தெரிகிறது. எல்லைகள் நகரும், தேதிகள் நகரும், யாரைக் கேட்க வேண்டும் என்பது நகரும். நகராதது ஒன்றுதான்: நாற்காலி. எல்லாவற்றின் அடியிலும் மக்கள் ஒப்புதல் என்று ஒரு வரி இருக்கும். அது ஏதோ ஒரு டீக்காக நாம் போட்ட கையெழுத்து.

அடுத்த திங்கட்கிழமை வேங்கிக்கால் போய், ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருந்தேன். மனுவைப் பொறுமையாகப் படித்த அலுவலர், "ஆட்சேபணையா பதிவு பண்ணிக்கிறோம்மா. ஆனா கிராம சபை போட்ட தீர்மானத்தை கிராம சபைதான் ரத்து பண்ண முடியும். அடுத்த சபையில மறுதீர்மானம் போட்டு நகல் கொண்டாந்து குடுங்க" என்றார். ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டேன். அடுத்த சபை ஆகஸ்ட் பதினைந்து.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் பார்க்காம போட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

"நீ படிச்சவக்கா. உன் வேலையே அது. நீயே பாக்காம போட்டா, கைநாட்டு வெக்கிறவங்கள நான் இன்னான்னு கேக்கறது?"

அவள் இன்னும் இரண்டு பிடி தவிட்டை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி உடு. ஆகஸ்டு பதினஞ்சுக்கு இன்னா பண்ணலாம், சொல்லு."

சொன்னேன். மறுதீர்மானத்தை முறைப்படி முன்னதாக எழுதிக் கொடுப்பது. அன்று யாரும் முதலில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. தீர்மானத்தை எல்லார் முன்னாலும் எழுதி, வாசித்து, அதற்குப் பிறகுதான் போடுவது.

அவள் யோசித்தாள். "கையெழுத்து போடலன்னா டீ சீட்டு குடுக்க மாட்டாங்க. டீ இல்லன்னா பாதிப் பேரு கிளம்பிடுவாங்க."

"ஒரு டீக்காகவா?"

"நீ எதுக்குப் போட்டியாம்?"

கையில் இருந்த ஒப்புகைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"டீய நான் போடறேன்" என்றாள்.

மறுதீர்மானத்தின் வாசகத்தை நான் தட்டச்சு செய்தேன். நேரில் கொண்டுபோனபோது கிளார்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தலைவர் வாங்க வேணாம்னுட்டார் மேடம். என்னை வம்புல மாட்டி உடாதீங்க." அதனால் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து அதே கிளார்க்குடையது. தபால்காரர் நீட்டியதும் பார்க்காமல் போட்டிருக்கிறார்.

அவள் ஒவ்வொரு வாசலிலும் பாலோடு ஒரு வாக்கியம் ஊற்றிக்கொண்டு போனாள்: "கையெழுத்து கடைசியில. டீ என்னுது."

ஆகஸ்ட் பதினைந்து காலை பள்ளியில் கொடியேற்றம் முடிந்து பதினொரு மணிக்குச் சபை. பந்தலுக்கு இந்தப் பக்கம் தலைவரின் மேசை, நோட்டு, டீக் கேன், மிக்ஸர் பொட்டலங்கள். அந்தப் பக்கம் புங்க மரத்தடியில் அவளுடைய இரண்டு பெரிய தூக்குகள். அவள் புருஷன் டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இஞ்சி போட்ட டீ. மைதானத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வழக்கமாக வருவதைப் போல மூன்று மடங்கு. நோட்டில் ஒரு கையெழுத்துக்கூட இல்லை.

கடைத்தெருவில் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவர், எந்தக் கூட்டத்திலும் வாயை மூடி இருந்ததில்லை. டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"தலைவரே, இந்தப் பக்கம் டீ கெட்டியா கீது. வர்றீங்களா?"

தலைவர் அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 11.40 வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"சபை நடக்கணும்னா இத்தினி பேரு வந்திருக்கணும்னு கணக்கு இருக்கு. நோட்டுல ஒருத்தர் கையெழுத்தும் இல்ல. அப்ப யாரும் வரலன்னு அர்த்தம். கூட்டம் ரத்து."

எதிரில் இருநூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் இதை யோசிக்கவில்லை. இருபத்தாறு வருட அனுபவத்தில் கையெழுத்து இருந்தால் வரும் ஆபத்து தெரியும். இல்லாவிட்டால் வரும் ஆபத்து தெரியாது. கையெழுத்துப் போட்டால் எட்டாவது தீர்மானம் போல ஒன்பதாவது வரும். போடாவிட்டால் மறுதீர்மானமே வராது. மரத்தடியிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். கேன் திறந்திருக்கும்போது பாத்திரத்துக்காகக் காத்திருப்பாளே, அதே பார்வை.

மேசைக்குப் போனேன். நோட்டை என் பக்கம் திருப்பினேன். கிளார்க் வழக்கம்போல நாலு பக்கம் காலியாக விட்டு, ஐந்தாம் பக்கத்தில் வரிசை எண் போட்டு வைத்திருந்தார். கைப்பையில் ஸ்கேல் இருந்தது. காலியாக விட்ட நாலு பக்கத்திலும் மூலைக்கு மூலை கோடு போட்டேன். ஐந்தாம் பக்கத்தின் தலையில் எழுதினேன்: "இதன் கீழ் உள்ளவை வருகைக் கையொப்பங்கள் மட்டும். இவை எந்தத் தீர்மானத்துக்கும் ஒப்புதல் அல்ல. தீர்மானங்கள் இவற்றுக்குப் பின்னரே எழுதப்படும்." முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினேன். 11.46.

"ஏய்! இன்னா பண்ற நீ?" தலைவர் எழுந்துவிட்டார். "அது கவர்மெண்டு நோட்டு! அதுல கிறுக்குனா கேசு வரும் தெரியுமா?"

"கிறுக்கலீங்க. காலி இடத்தை மூடறேன். பத்திரத்துல செய்யறதுதான்."

"இது பத்திர ஆபீசா?"

"அதவிடப் பெருசுங்க."

சபையை மேற்பார்வை பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வருவது வழக்கம். அன்று வந்திருந்தவர் இளம் பெண். அதுவரை ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் நோட்டை அவர் முன்னால் வீசாத குறையாக வைத்தார். அவர் நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

"வருகைக்குத்தானே சார் கையெழுத்து வாங்கறோம். அதைத்தானே எழுதியிருக்காங்க."

"கோடு போட்டிருக்காளே! போடலாமா?"

"போடக்கூடாதுன்னு ரூல் இல்ல சார்."

"இல்லன்னா கொண்டாருவோம்!"

மைக் அவர் கையிலேயே இருந்தது. 'கொண்டாருவோம்' மைதானம் முழுக்கக் கேட்டது. பஞ்சர் கடைப் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கொண்டாங்க தலைவரே, கொண்டாங்க. நீங்க போயி வர்றதுக்குள்ள நாங்க கையெழுத்து போட்டு வெக்கிறோம்."

சிரிப்பு மரத்தடியிலிருந்து தொடங்கி மேசைவரை வந்தது. அதன் பின்னாலேயே வரிசையும் வந்தது. ஒவ்வொருவரும் பெயர், நேரம். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு அவள் பக்கத்தில் நின்று, மேலே எழுதியிருப்பதை வாசித்துக் காட்டிவிட்டு மை தடவினாள். எல்லாருக்கும். ஒருவரைக்கூடச் சும்மா விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்த சபை, நான் பார்த்ததிலேயே மெதுவான சபை. ஒவ்வொரு தீர்மானத்தையும் கிளார்க் எல்லார் கண் முன்னாலும் எழுதினார், அவள் வாங்கி உரக்க வாசித்தாள், கை தூக்கினோம், எண்ணினோம், முடிந்த இடத்துக்குக் கீழே நான் கோடு போட்டேன். "கை வலிக்குது மேடம்" என்றார் கிளார்க். "ஜனவரியில எட்டாவது எழுதறப்ப வலிக்கலியா?" என்று அவள் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். அவருக்கும் ஒரு டம்ளர் டீ வந்தது.

ஊராட்சியைப் பிரிக்கக் கோரிய தீர்மானம் கூட்டத்தில் வைக்கப்படவே இல்லை, எனவே ரத்து செய்யப்படுகிறது என்ற மறுதீர்மானம் 1.25க்கு நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர்கள் பதினெட்டுப் பேர். அதையும் எழுதவைத்தேன். ஒருமனதாக என்ற சொல்லை இனி எங்கள் நோட்டில் யாரும் சும்மா எழுத முடியாது.

கடைசியில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வாங்கினார். அவளைப் பார்த்தார்.

"தீர்மானம்தானே, போட்டுக்கோ. மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க. நாற்காலி உனக்குன்னு கனவு காணாத."

"கனவு காண எனக்கு எங்க தலைவரே நேரம்? மூணு மணிக்கே எழுந்துக்கறேன்."

கடைசி வரிக்கு மூன்று விரல் கீழே தள்ளி அவர் கையெழுத்துப் போட்டார். நடுவில் விட்ட அந்த மூன்று விரல் இடத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். நான் எதற்கும் இப்படி ரசித்துக் கோடு போட்டதில்லை.

மறுநாள் காலை 5.40. அளவு பால், அதற்கு மேல் ஒரு சுழி. "கொசுறு வந்தது" என்று எழுதியிருக்கிறேன்.

நகலை ஆட்சியர் அலுவலகத்தில் சேர்த்தேன். இரண்டு மாதம் கழித்து, பிரிக்கும் முன்மொழிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. நிறுத்திவைக்கப்பட்டது என்றால் கைவிடப்பட்டது என்று அர்த்தம் இல்லை. எனக்குச் சொற்கள் தெரியும். அடுத்த ஜனவரியில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. பொறுப்புக்கு ஒரு தனி அலுவலரைப் போட்டிருக்கிறார்கள். முன்னாள் தலைவர் சாயங்காலம் வந்து அலுவலகத்தில் உட்காருகிறார். நாற்காலியில் இல்லை, நாற்காலிக்குப் பக்கத்தில். வார்டு எல்லைகளை மறுபடி பார்க்கிறார்களாம், சுழற்சி விதியிலும் ஏதோ மாற்றம் வருகிறதாம் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். விரல் இன்னும் மேலேதான் காட்டுகிறது.

அவள் நிற்கத்தான் போகிறாள். பிரித்த ஊராட்சியோ பிரிக்காததோ, இந்த வார்டோ அந்த வார்டோ, பொதுவில் போட்டாலும் நிற்பாள். "பொதுன்னா பொம்பளைங்களும்தானேக்கா" என்கிறாள். தினமும் வாசலில் அரை நிமிடம் கூடுதலாக நிற்பதை இன்னும் விடவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு பழைய ஊரிலும் சில வாசல்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன.

போன வாரம் ஒரு காலை, கேனை இறக்கி வைத்துவிட்டு, புடவை முந்தியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தாள். போன தேர்தலில் பயன்படுத்திய வேட்புமனு மாதிரிப் படிவம். யாரிடமோ கேட்டு நகலெடுத்திருந்தாள்.

"முன்மொழியறவங்கன்னு ஒரு கட்டம் கீது பாரு. அதுல நீதான் கையெழுத்து போடணும்."

"நானா?"

"உன் கையெழுத்தாலதானே போச்சு. உன் கையெழுத்தாலயே வரட்டும்."

தாளைப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் காலி.

"காலித் தாள்ல போட மாட்டேன்."

"அதான் உங்கிட்ட வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தாள். "எழுது."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். பெயர், வயது, கணவர் பெயர், கதவு எண், வாக்காளர் பட்டியலில் பாகம், வரிசை. அவள் சொல்லச் சொல்ல நான் அச்செழுத்தில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினேன். வெளியே இரண்டு வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு நின்று, "பால் வருமா, வராதா?" என்று குரல் கொடுத்தார்கள். "வரும், வரும். தலைவரு பிஸியா கீறாரு!" என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

உண்மையான படிவம் வரும்போது இதைப் பார்த்து அப்படியே எழுதிவிடலாம். இப்போதைக்கு இந்தத் தாள் என் நாட்குறிப்புக்குள் இருக்கிறது. மிஞ்சிய இடங்களில் எல்லாம் கோடு போட்டாயிற்று. தேதிக்கும் என் கையெழுத்துக்கும் உரிய இரண்டு கட்டங்களை மட்டும் விட்டிருக்கிறேன். அவர்கள் எந்த எல்லையை வேண்டுமானாலும் நகர்த்தட்டும், எந்த விதியை வேண்டுமானாலும் மாற்றட்டும். என்றாவது ஒரு நாள் தேதியை அறிவித்துத்தான் ஆக வேண்டும். அறிவித்த மறுநாள் காலை, அவள் எங்கள் தெருவில் பால் ஊற்றி முடிப்பதற்குள், முழுதாக ஒரு தடவை வாசித்துவிட்டுப் போட்டுவிடுவேன்.